பள்ளியில் முதலில் சோறு போட்டது யார்?

கரிசல்காட்டான்:
"1982-க்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் சோறு ஏது?" என்று ஒருவர் முகநூலில் எழுதியிருக்கிறார். அதற்கு அத்தனை லைக்! படித்ததும் வயிறு எரிந்தது. 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் தொடங்கியதற்குப் பெயர் என்ன? என் அப்பா அலுமினியத் தட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பள்ளிக்கு ஓடியதே அந்தச் சோற்றுக்காகத்தான். முதலில் போட்டவர் காமராசர்.

ஆயிரம் விளக்கு:
முதலிலா? 1920-லேயே சென்னை மாநகராட்சியில் நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் தொடங்கிவிட்டார். ஆயிரம் விளக்குப் பள்ளியில், பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல். நீதிக்கட்சி என்றாலே உங்களுக்கு மறதி வந்துவிடும்.

கரிசல்காட்டான்:
அது 1925-ல் நின்றுபோனது. ஒரு நகரமும் மாநிலமும் ஒன்றா? முதலில் காமராசர்தான்.

ஆயிரம் விளக்கு:
நிறுத்தியது வெள்ளைக்காரன். அந்தச் செலவை ஏற்க மாட்டேன் என்றான். அவன் நிறுத்தினால் இவர் தொடங்கவே இல்லை என்றாகிவிடுமா? 1920 முன்னால் வருமா, 1956 முன்னால் வருமா?

மலைக்கோட்டை:
சோற்றை விட்டுவிட்டு வருடத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்களே! 1982 ஜூலை 1, திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய பிறகுதான் பால்வாடிக் குழந்தை வரை சாப்பாடு போய்ச் சேர்ந்தது. மாமா இறந்து இரண்டு பிள்ளைகளோடு நின்ற என் அத்தைக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்ததும் அப்போதுதான். விடியற்காலையில் அரிசி புடைக்கப் போவார். அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளைகளை ஆளாக்கினார்.

கரிசல்காட்டான்:
அத்தை கதை அப்புறம். முதலில் யார்? அதைச் சொல்லுங்கள்.

மூன்றாம் பெஞ்ச்:
தட்டில் முட்டை வந்தது 1989-ல், கலைஞர் ஆட்சியில். அதை மட்டும் யாரும் வாய்திறந்து சொல்ல மாட்டீர்கள்.

மலைக்கோட்டை:
இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை! இங்கே முட்டையைப் பற்றி யார் கேட்டார்கள்? போன மாதம் காவிரிப் பேச்சிலும் இப்படித்தான் நடுவில் புகுந்தீர்கள்.

மூன்றாம் பெஞ்ச்:
அன்று என்னைக் 'கூலிக்கு எழுதுபவன்' என்றது நீங்கள்தானே? இன்னும் மறக்கவில்லை.

கரிசல்காட்டான்:
உங்கள் சண்டையை வேறெங்காவது வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்டது ஒன்றுதான். 1956-க்கு முன்னால் அரசு சோறு போட்ட ஓர் ஊர் பெயரைச் சொல்லுங்கள்.

ஆயிரம் விளக்கு:
ஆயிரம் விளக்கு. 1920. இன்னும் எத்தனை தடவை சொல்ல வேண்டும்?

கரிசல்காட்டான்:
அது சென்னைக்குள் ஒரு பேட்டை. நான் ஊர் கேட்டேன்.