மாலை பஸ்ஸில் பிள்ளைகளோடு வர யார் இருக்கிறீர்கள்?

வணக்கம். எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். சென்ற வாரம் மாணவர்களுக்குள் கைகலப்பு. இன்ன சாதி என்று காட்ட மணிக்கட்டில் கட்டிய கலர்க் கயிற்றில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதனால்தான் பதறுகிறேன்.

நேற்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டைக் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மறைத்தபடியே என்னிடம் பேசினான்.

பள்ளிக்குள் ஆசிரியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பயம் மாலை பஸ்ஸில்தான். ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர் பிள்ளைகளோடு பஸ்ஸில் வர வேண்டும். ஒரு தெருக்காரர்கள் மட்டும் வந்தால் அதுவே வம்பாகிவிடும்.

பாளையங்கோட்டைப் பக்கம் பிள்ளைகளிடம் பேசத் தெரிந்த மனநல ஆலோசகர் இருந்தால் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது மட்டும் போதாது.

திங்கள் முதல் வர முடிந்தவர்கள் இன்றே தெரிவியுங்கள்.