16 டிபி டிஸ்க்கில் ரூட்டுக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள்?

நண்பர்களே, லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். பேக்கப்புக்காக 16 டிபி டிஸ்க் ஒன்றை இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் ஃபார்மட் செய்தேன், ஒரு ஃபைல்கூட இன்னும் போடவில்லை, அதற்குள் டிஎஃப் கமாண்ட் காட்டும் காலி இடத்தில் கிட்டத்தட்ட 800 ஜிபியைக் காணோம். வேறொன்றுமில்லை, ஃபார்மட் செய்யும் எம்கேஇ2எஃப்எஸ் டூல் வழக்கமாக ரூட்டுக்கென, அதாவது அட்மின் அக்கவுண்டுக்கென, எடுத்து வைக்கும் 5 சதவீதம்தான். டிஸ்க் நிரம்பினாலும் ரூட்டில் ஓடும் சர்வீஸ்கள் லாக் எழுத முடியாமல் நின்றுவிடக் கூடாது, ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறக் கூடாது என்பதற்காக. டிஸ்க்கெல்லாம் சில நூறு எம்பி இருந்த காலத்தில் சரி, இப்போது இது ரொம்ப அதிகமில்லையா?

'டியூன்2எஃப்எஸ் -எம் 1' கமாண்ட் போட்டு இதை 1 சதவீதமாக்கினால் 160 ஜிபி ஆகிவிடும், டேட்டாவுக்கும் ஒன்றும் ஆகாது. சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனில் 5-ஐத் தொடப்போவதில்லை. பேக்கப் டிஸ்க்கில் ரூட்டுக்கு வேலையே இல்லை, ஆனாலும் பூஜ்யம் வைக்க மனம் வரவில்லை. அப்புறம் 95 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் எழுதும் வேகம் நிஜமாகவே படுத்துவிடுகிறதா? பெரிய டிஸ்க்கை முக்கால்வாசிக்கு மேல் நிரப்பி ஓட்டியவர்கள் என்ன வைத்திருக்கிறீர்கள், சதவீதமா, 'மைனஸ் ஆர்' போட்டு நேரடியாக பிளாக் கணக்கா? எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்துக்கு மாறு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதன் அளவைப் பின்னால் நடைமுறையில் சுருக்க முடியாது.