பல்லால் கடித்தால் 17 தெரியுமா?

கடைமடைக்காரன்:
போன வாரம் குடந்தை வாத்தியார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. "கல்லூரிப் பையனின் வேலை வகுப்பறையில்தான் முடிவாகிறது; என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம், களத்து வேலை எல்லாம் வெட்டிப்பொழுது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் பி.காம். இன்று ஒரு அரிசி ஆலைக்கு நெல் வாங்குகிறேன். பேரேடும் ஐந்தொகையும் என்னை இங்கே கொண்டுவரவில்லை. இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை. சம்பா அறுவடை முடிந்து, 40 கிலோ மூட்டைக் கணக்கில் 120 மூட்டை தேறும் நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி ஒன்பது ராத்திரி காவல் கிடந்தேன். பனிக்குத் தார்ப்பாய் மூடுவது, வெயில் ஏறியதும் பிரித்துக் கிளறுவது, சாயங்காலம் திரும்ப மூடுவது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். பத்தாம் நாள் ஒரு மணியைக் கடித்தே இது 17, இது 19 என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். இதை எந்த வகுப்பில் நடத்தினார்கள்?

குடந்தை வாத்தியார்:
பல்லால் 17-ஐயும் 19-ஐயும் பிரித்தீர்களா! அப்புறம் ஈரப்பதம் பார்க்கும் மீட்டர் எதற்கு? உங்கள் பல்லையே நிலையத்துக்கு ஒன்றாக அனுப்பிவிடலாமே. நெல் காய்ந்ததா இல்லையா என்று பல் சொல்லும். சதவீதம் சொல்லாது.

கடைமடைக்காரன்:
சார், காய்ந்த மணி 'டக்'கென்று உடையும். ஈர மணி நசுங்கும். 17 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதற்குத்தான் ஒன்பது ராத்திரி. மீட்டர்காரரோடு டீக்குப் பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன்.

வேதாரண்யம் உப்பு:
பல்லை விடுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது நான் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. என்எஸ்எஸ்ஸில் சான்றிதழுக்காகச் சேர்ந்தவள்தான். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், அவ்வளவுதான் கணக்கு. புயலுக்குப் பிறகு யாரும் மணி பார்க்கவில்லை. விழுந்த தென்னைகளை எண்ணிக் குடும்பவாரியாக எழுதினோம். ஒரே தோப்பை அண்ணனும் தம்பியும் தன் பெயரில் போடச் சொல்வார்கள். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் அதைப் பிரித்து எழுதப் பழகியதுதான் இன்று பயிர்க் காப்பீட்டுக் கணக்கெடுப்பில் எனக்குச் சோறு போடுகிறது. நேர்காணலில் புள்ளியியலும் கேட்டார்கள், அதையும் மறைக்கவில்லை.

குடந்தை வாத்தியார்:
பார்த்தீர்களா, அந்த அம்மாவே ஒப்புக்கொள்கிறார். புள்ளியியல்! அது வகுப்பறை.

வேதாரண்யம் உப்பு:
அம்மாவா? எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

பட்டுக்கோட்டைத் தென்னை:
கஜா என்றால் வேதாரண்யம் மட்டும்தானா? எங்கள் பக்கம் தோப்பு தோப்பாகச் சாய்ந்தது. கும்பகோணத்துக்காரர்களுக்கு எங்களை டெல்டாவில் சேர்க்கவே மனசு வராது.

குடந்தை வாத்தியார்:
உங்கள் பக்கம் பாயும் கல்லணைக் கால்வாய் 1934-இல்தான் வந்தது. புது டெல்டா என்பது நான் வைத்த பெயர் இல்லை.

பட்டுக்கோட்டைத் தென்னை:
தொண்ணூறு வருஷம் தாண்டியும் புதுசா? உங்கள் வீட்டு மருமகளுக்கும் இதே கணக்குதானா?

அரசலாற்றங்கரை:
சண்டையை விட்டு விஷயத்துக்கு வாருங்கள். வாத்தியார் ஊரிலேயே, கும்பகோணம் அரசுக் கல்லூரியில், ராமானுஜன் கணக்கைத் தவிர மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. அடுத்த வருஷம் கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசான் ஹார்டிக்குக் கடிதம். வகுப்பறை எங்கே வந்தது?

குடந்தை வாத்தியார்:
அவரைத் தூண்டிவிட்ட, கார் என்ற ஆங்கிலேயர் எழுதிய கணக்குப் புத்தகம் நூலகப் புத்தகம் ஐயா. நூலகம் என்ன, நெல் களத்திலா இருந்தது?

கடைமடைக்காரன்:
மாட்டிக்கொண்டீர்கள். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன், வயது 16. நண்பர் மூலமாகக் கைக்கு வந்த புத்தகம். எந்த வாத்தியாரும் அதை நடத்தவில்லை, அவரே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். நான் கடித்துப் பார்த்த மாதிரி.

குடந்தை வாத்தியார்:
ராமானுஜனும் நீங்களும் ஒன்றா! திருவையாறு அசோகா அல்வாவில் பாசிப்பருப்பே கிடையாது என்று போன தீபாவளிக்கு இங்கே மூன்று நாள் அடம்பிடித்தவர் நீங்கள். அந்த நாக்கை நம்பாதவன் பல்லை நம்புவேனா?

கடைமடைக்காரன்:
அசோகாவை இழுத்தால் பேச்சு மாறிவிடும் என்று பார்க்கிறீர்கள். மாறாது. எங்கள் ஆலைக்குப் பட்டத்தோடு வரும் பையன்கள் மீட்டரில் ஒரு பிடி போட்டு 16 என்கிறார்கள். எந்த மூட்டையிலிருந்து எடுத்தாய் என்றால் மேல் மூட்டை. அடி மூட்டை வேர்த்துக் கிடக்கும். மீட்டர் பொய் சொல்லவில்லை, பிடி பொய். கையை அடிவரை விட வேண்டும் என்பது ராத்திரியில் மூட்டைமேல் படுத்தவனுக்குத்தான் தெரியும். அரசாங்கம் மாணவர்களுக்குத் தொழில்திறன் பழக்க 'நான் முதல்வன்' என்று திட்டம் போட்டதே 2022-இல், வகுப்பு மட்டும் போதும் என்றால் எதற்கு அது?

குடந்தை வாத்தியார்:
அடி மூட்டை, மேல் மூட்டை எல்லாம் சரி. அதையும் கடைசியில் மீட்டரில்தானே போடுகிறீர்கள்? பல் 17 சொல்லாது.

கடைமடைக்காரன்:
சொல்லும். தை மாதம் எங்கள் களத்துக்கு வாருங்கள், மீட்டரும் நீங்களே கொண்டுவாருங்கள்.

குடந்தை வாத்தியார்:
தையில் எனக்கு வகுப்பு இருக்கிறது.

கடைமடைக்காரன்:
தெரியும் சார். அதனால்தான் தையைச் சொன்னேன்.

பட்டுக்கோட்டைத் தென்னை:
அது இருக்கட்டும். நாங்கள் டெல்டாவா இல்லையா? வாத்தியார் இன்னும் பதில் சொல்லவில்லை.