‘மோல்’: ஒரே எழுத்துக்கூட்டல், எத்தனை சொற்கள்? (அனுபவப் பகிர்வு)

மொழிபெயர்ப்பாளர்
ஆங்கிலத்தில் எம், ஓ, எல், இ. நாலே எழுத்துதான், ஆனால் மொழிபெயர்ப்பில் காலை வாரிவிடும். நல்ல அகராதியில் தலைச்சொல்லின் தோளில் குட்டியாக 1, 2, 3 என்று எண் இருக்கும். வேர் வேறு, சொல்லே வேறு என்பதற்கு அதுதான் அடையாளம். விளக்கத்துக்குள்ளே வரும் எண்கள் ஒரே சொல்லின் கிளைப்பொருள்கள். எதிரணிக்குள் ஊடுருவிய ஒற்றனைக் குறிக்கும் ‘மோல்’, மண்ணுக்கடியில் வளை தோண்டும் விலங்கிலிருந்து கிளைத்தது. தோலில் உள்ள மச்சம் அப்படியல்ல. கறை என்று பொருள்படும் ‘மால்’ என்ற பழைய ஆங்கிலச் சொல் அதன் வேர்.

விலங்குக்குப் பெருச்சாளி என்று எழுதுவது தவறு. பெருச்சாளி கொறிவிலங்கு. மோல் மண்புழுவும் பூச்சியும் தின்பது, மூஞ்சூறுக்குத்தான் உறவு. ‘அகழெலி’ என்பதிலும் எலி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றாலும் வழக்கில் வந்துவிட்டதால் அதையே வைக்கலாம்.

வேதியியல் ஆசிரியை
எங்கள் மோல், அதாவது பொருளின் அளவைக் குறிக்கும் அலகு, ஜெர்மனிலிருந்து வந்தது. மூலக்கூறைக் குறிக்கும் ‘மோலெக்கூல்’ என்பதைச் சுருக்கி 1890களில் வேதியியலாளர் ஆஸ்ட்வால்ட் புழக்கத்தில் விட்டார். 1971இல் எஸ்ஐ எனப்படும் பன்னாட்டு அலகு முறையின் அடிப்படை அலகானது. 2019 முதல் ஒரு மோல் என்றால் சரியாக 6.02214076 × 10²³ துகள்கள். அலகின் குறியீட்டில் கடைசி ‘இ’ கிடையாது.

மாணவர்கள் தவறுவது மோலர், மோலல் இரண்டையும் குழப்பும்போதுதான். மோலர் என்பது 1 லிட்டர் கரைசலுக்கு எத்தனை மோல் என்பது, மோலல் என்பது 1 கிலோ கரைப்பானுக்கு எத்தனை மோல் என்பது. 1 மோலர் உப்புக் கரைசலுக்கு 58.44 கிராம் சோடியம் குளோரைடை 800 மில்லிலிட்டர் அளவு நீரில் முழுக்கக் கரைத்து, அளவுக்குடுவையில் 1 லிட்டர் குறிவரை நீர் சேர்க்க வேண்டும். 1 லிட்டர் நீரை முதலிலேயே அளந்து உப்பைக் கொட்டினால் கரைசல் 1 லிட்டரைத் தாண்டிவிடும், செறிவு குறையும்.

வரலாறு வாசகர்
ஆசிரியை சொன்ன மோலுக்கு ஓர் உறவுக்காரர் துறைமுகத்தில் இருக்கிறார். பெருந்திரளைக் குறிக்கும் லத்தீன் ‘மோலெஸ்’ என்பதிலிருந்து வந்தது கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவர். அதே சொல்லின் குறுமை வடிவம்தான், ‘சிறு திரள்’ என்ற பொருளில், மூலக்கூறுக்குப் பெயரானது. இரண்டாம் உலகப் போரில், 1940இல், பிரான்சின் டன்கிர்க் துறைமுகத்திலிருந்து நேச நாட்டுப் படையினரை மீட்ட செய்திகளில் ‘கிழக்கு மோல்’ என்று வந்தால் அது இந்தச் சுவர். படையினரில் பெரும்பாலோர் கப்பல் ஏறியது அங்கேதான்.

மருத்துவ ஆவணங்கள் திருத்துபவர்
இன்னொரு லத்தீன் சொல்லும் உண்டு: ‘மோலா’, அதாவது எந்திரக்கல். அரைக்கும் கடைவாய்ப்பல்லுக்கு ‘மோலர்’ என்று பெயர் வந்தது இதனால்தான். ‘மோலர் கர்ப்பம்’ என்பதும் இதே வேர்; தமிழில் முத்துப்பிள்ளை கர்ப்பம். நஞ்சுக்கொடித் திசு நீர்க்கொப்புளங்களாகத் திரளும் நிலை அது. பல்லோடும் செறிவோடும் இதற்குச் சம்பந்தமில்லை. அறிக்கையில் பக்கத்துச் சொல்லைப் பார்க்காமல் கைவைக்கக் கூடாது, நோயாளி தன் நிலையை அறிந்துகொள்வது அந்தத் தாளிலிருந்துதான்.

சமையல் குறிப்புகள் எழுதுபவர்
மெக்சிகோ குறிப்பில் வந்தால் ‘மோலே’ என்று இரண்டு அசையாகச் சொல்லுங்கள். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலின் ‘மோல்லி’, அதாவது குழம்பு. குவாக்கமோலே என்ற மெக்சிகோ துவையலின் பெயரில் பின்பாதியும் இதுவே; முன்பாதி வெண்ணெய்ப்பழம்.