சேப்பர், மைனர்: இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அமெரிக்க விடுதலைப் போர் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். அந்தப் படையில் 'சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' என்றொரு பிரிவு. மைனர் என்று அப்படியே எழுதினால் மைனர் செயின்தான் நினைவுக்கு வரும். 'சுரங்கத் தொழிலாளி' என்றால் நம் பெங்களூர்க்காரர்களுக்குக் கோலார் தங்கவயல். இரண்டு பேரையும் சேர்த்து 'சுரங்கப் படையினர்' என்று போட்டுவிடலாமா?

(கம்மனஹள்ளியிலிருந்து)

மறுமொழி 1:

சேர்க்காதீர்கள் தம்பி, வேலையே வேறு. சேப்பர் கோட்டையை நோக்கி வாய்க்கால்போல் பள்ளம் வெட்டிக்கொண்டே முன்னேறுகிறவர். நேராக வெட்டினால் மதிலிலிருந்து சுடுகிற குண்டு பள்ளம் நெடுகப் பாயும். அதனால் கோணல்மாணலாக வெட்டி, அள்ளிய மண்ணைக் கோட்டைப் பக்கமே குவிப்பார்கள். மைனர் அப்புறம் வருகிறார். பள்ளத்தின் முனையிலிருந்து மண்ணுக்கடியில் புகுந்து, மதிலுக்குக் கீழே வெடிமருந்தை அடைப்பது அவர் பாடு.

1781-இல் தென் கரோலைனாவின் நைன்ட்டி சிக்ஸ் என்ற ஊரின் முற்றுகையில், அமெரிக்கப் படைப் பொறியாளரான போலந்துக்காரர் கோஷியஸ்கோ இரண்டு வேலையையும் நடத்தினார். பிரிட்டிஷ் உதவிப்படை நெருங்கிவிட்டதால் சுரங்கம் பாதியில் நின்றது. அது இன்னும் அங்கே இருக்கிறது.

என் பரிந்துரை: அகழ்வீரர், சுருங்கைவீரர். சுருங்கை என்றால் நிலத்தடி வழி; 'சுருங்கை வீதி' சிலப்பதிகாரத்திலேயே உண்டு. கோவலன் மதுரைக்குள் போனது அந்த வழியாகத்தான்.

மறுமொழி 2:

அகழ்வீரர் சரி ஐயா. சுருங்கை அழகான சொல்தான், ஆனால் இன்றைக்குப் படிப்பவர்கள் சுருங்கிப்போன வீரர் என்று நினைப்பார்கள். 'சுரங்கவீரர்' போதும். வேறொரு விடுதலைப் போரில், பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து வியட்நாமின் வியட்மின் படை நடத்திய போரில், வைத்துப் பார்த்தேன்: "1954 மே 6 இரவு, தியன் பியன் பூவில் வியட்மின் சுரங்கவீரர்கள் ஏ1 குன்றுக்கடியில் ஏறக்குறைய ஒரு டன் வெடிமருந்தை வெடித்தனர். மறுநாள் பிரெஞ்சு முகாம் வீழ்ந்தது." உறுத்தவில்லை.

ஆனால் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற மெட்ராஸ் சேப்பர்ஸ் மேல் இதை ஒட்டாதீர்கள். 1780-இல் தொடங்கிய படை அது; அதன் வீரர்களுக்குத் 'தம்பி' என்றே செல்லப்பெயர். பாலம் போடுவது, கண்ணிவெடி அகற்றுவது என்று இன்றைய சேப்பருக்கு எத்தனையோ வேலை. அகழ்வீரர் என்றால் பழைய முற்றுகைக்காலத்து ஆள், அதோடு நிறுத்துவோம்.

மறுமொழி 3:

ஒப்புக்கொள்கிறேன் அம்மா. அகழ்வீரர், சுரங்கவீரர் இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடுங்கள் தம்பி. பள்ளத்தின் ஓரத்தில் மண் நிரப்பி அடுக்கும் பிரம்புக் கூடைக்கும் சொல் வேண்டியிருக்கும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இதிலேயே பேசினால் பொங்கல் வரை இழுக்கும்.