பெரிய மனிதர்களைப் பக்கத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கொங்குச் செய்தியாளர்

ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் நாளிதழ் நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நடிகர், கட்சித் தலைவர், தொழிலதிபர் என்று ஊரே அண்ணாந்து பார்க்கும் ஆட்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பார்த்ததை எழுதுங்கள். சொந்த அனுபவம் என்றால் ஆள் பெயரும் நிறுவனப் பெயரும் வேண்டாம். வழக்காகி ஊரறிந்த விஷயம் என்றால் பெயர் சொல்லலாம்.

முதலில் நான் சொல்கிறேன். 2010, 2011 வாக்கில் எங்கள் பக்கம் ஈமு கோழிப் பண்ணை அலை அடித்தது. ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சு, தீவனம், கொட்டகை எல்லாம் நிறுவனமே தரும், அதற்கு மேல் மாதாமாதம் ஆறாயிரம் ரூபாய் பராமரிப்புக் கூலியும் வரும் என்றார்கள். கறிக்கும் எண்ணெய்க்கும் வெளிநாட்டில் ஏகப்பட்ட கிராக்கி என்றும் சொன்னார்கள். டிவியைப் போட்டால் சினிமாக்காரர்கள் வந்து ஈமு வளர்க்கச் சொன்னார்கள்.

அப்படி ஒரு நிறுவனத்தின் கிளைத் திறப்பு விழாவுக்குச் செய்தி எடுக்கப் போனேன். மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் எங்களுக்கு டிபன். சிறப்பு விருந்தினராக வந்த நடிகரும் அங்கேதான் இருந்தார். நிறுவன மேலாளரிடம், "இந்தக் கறியை நம்ம ஊர்ல யாருங்க வாங்குறாங்க?" என்று அவர் கேட்டார். "எல்லாம் ஏற்றுமதிங்க சார்" என்று பதில் வந்தது. எந்த நாட்டுக்கு, எவ்வளவு என்று அடுத்த கேள்வி வரும் என எதிர்பார்த்தேன். வரவில்லை. கொஞ்ச நேரத்தில் மேடையேறி, விவசாயி வாழ்க்கையையே மாற்றப்போகும் தொழில் என்று எழுதிக் கொடுத்ததைப் படித்தார். ஏமாற்ற வேண்டும் என்று வந்தவர் இல்லை அவர். ஆனால் கீழே துண்டைத் தோளில் போட்டு உட்கார்ந்திருந்த விவசாயிக்கு, அவர் நன்றாக விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறார் என்று பட்டிருக்கும்.

அப்புறம் பத்திரிகை. அன்றைக்கு மேலாளர் எனக்கும் சரியான பதில் தரவில்லை. "பறவைகளை வாங்குவோர் யார் என்ற கேள்விக்கு நிறுவனத் தரப்பில் விளக்கம் இல்லை" என்று செய்தியில் ஒரு வரி எழுதி அனுப்பினேன். மறுநாள் அந்த வரி இல்லாமல் செய்தி வந்தது, அதே பதிப்பில் அரைப் பக்க விளம்பரமும் வந்தது. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரியாது. தாலுகா அளவில் செய்தி அனுப்பும் நிருபர்கள் பலருக்கு நிரந்தரச் சம்பளம் கிடையாது. விளம்பரம் பிடித்துக் கொடுத்தால் கமிஷன். திறப்பு விழாவுக்குக் கூப்பிடுகிறவரும் விளம்பரம் கொடுக்கிறவரும் ஒரே ஆள். அவரைப் பற்றிச் சங்கடமான ஒரு வரி அச்சாக வேண்டும் என்றால் ஆசிரியர் குழுவில் ஒருவர் பிடிவாதமாக நிற்க வேண்டும்.

2012 ஆகஸ்டில் பெருந்துறையில் சுசி ஈமு நிறுவனம் மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் வரிசையாகப் படுத்தன. சந்தை என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவே இல்லை. பின்னால் கட்டியவர் பணம்தான் முன்னால் கட்டியவருக்கு மாதக் கூலியாகப் போயிருந்தது. தீவனம் இல்லாமல் பறவைகள் சாகத் தொடங்கியதும் அரசே தீவனம் போட வேண்டி வந்தது. விளம்பரத்தில் வந்த முகங்களை யாரும் பொறுப்பாக்க முடியவில்லை.

அதற்கான சட்டம் பிறகுதான் வந்தது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் நடித்தவருக்கு 10 லட்சம் வரை அபராதம் போடலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. சொல்வது சரிதானா என்று உரியபடி விசாரித்துவிட்டு நடித்தவருக்கு அபராதம் இல்லை. பதஞ்சலி நிறுவனத்தின் விளம்பரங்கள் பற்றிய வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றமும் விளம்பரத்தில் வரும் பிரபலங்களுக்குச் சமப் பொறுப்பு உண்டு என்றது. அந்தத் திறப்பு விழா நாளில் இது இருந்திருந்தால் "எந்த நாட்டுக்கு ஏற்றுமதி?" என்று அந்த நடிகர் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஸ்டுடியோக்காரன், மதுரைப் பக்கம்

அண்ணே, நீங்கள் மேடைக்குப் பின்னால் பார்த்ததைச் சொன்னீர்கள். நான் மேடைக்கு முன்னால் கேமராவோடு நின்றவன். கல்யாணம், அரசியல் விழா, பாராட்டு விழா எல்லாம் எடுப்பேன்.

ஒரு நிதி நிறுவனத்துக்காரர் பெரிய இடத்துக் கல்யாண வரவேற்புக்கு வந்திருந்தார். அமைச்சர் வந்ததும் மொய் வரிசை மாதிரி ஒரு வரிசை நிற்குமே, அதில் நின்று சால்வை போட்டு நகர்ந்தார். அமைச்சர் அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மறுநாள் கடைக்கு வந்து அந்தப் படத்தைக் கேட்டார். பக்கத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டு இரண்டு பேர் மட்டும் தெரியும்படி பெரிதாகப் போட்டு ஃப்ரேம் மாட்டித் தரச் சொன்னார். பிறகு அவர் அலுவலகத்துக்கு வேறு வேலையாகப் போனபோது வரவேற்பறையில் அதுதான் தொங்கியது. பக்கத்தில் ஒரு நீதிபதியோடும் ஒரு பட்டிமன்றப் பேச்சாளரோடும் எடுத்த படங்கள். பணம் கட்ட வந்த ஒரு பாட்டி என்னிடமே சொன்னார்: "மந்திரியே பழக்கமாம் தம்பி, நம்ம காசு எங்க போகப்போகுது?"

விருதும் அப்படித்தான். எந்தத் தொழிலும் எனக்கு இவ்வளவு வேலை கொடுத்ததில்லை. ஒரு மண்டபம், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், "சர்வதேச" என்று தொடங்கும் ஒரு பெயர் இருந்தால் போதும். விருது வாங்குகிறவர் கட்டணம் கட்டுவதை ரசீதோடு பார்த்திருக்கிறேன். கௌரவ டாக்டர் பட்டமும் இப்படிக் கிடைக்கிறது. 2023 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு பிரபலங்களுக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது நினைவிருக்கும். பல்கலைக்கழகம் தனக்குச் சம்பந்தமில்லை என்று போலீஸில் புகார் கொடுத்தது. வாங்கியவர்கள் பாவம், பல்கலைக்கழகமே தருகிறது என்று நம்பித்தான் போனார்கள். அவர்களையே ஏமாற்ற முடிகிறது என்றால் சுவரில் பட்டத்தைப் பார்க்கும் நாம் எம்மாத்திரம்?

பெரிய விருதுகளும் விதிவிலக்கு இல்லை. 2008 செப்டம்பரில் சிறந்த நிறுவன நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருது சத்யம் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்துக்குக் கிடைத்தது. 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதினார்.

வங்கிப் பணி ஓய்வு, வேலூர்

நான் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவள். 2021, 2022-இல் எங்கள் கிளையில் வைப்புத் தொகையை முதிர்வுக்கு முன்பே உடைக்க வருகிறவர்கள் திடீரென்று கூடினார்கள். பெண் கல்யாணத்துக்குப் போட்டது, ஓய்வூதியப் பணம், நிலம் விற்ற பணம். "எதுக்கும்மா?" என்று கேட்டால் முதலில் சொல்ல மாட்டார்கள். பிறகு மெதுவாக, ஒரு லட்சம் போட்டால் மாதம் இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் தருகிறார்கள் என்பார்கள்.

ஒரு தலைமையாசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் மரியாதை உள்ளவர். அவரே ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு வந்தார். "சார், முப்பது சதவீதம் மாதத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும்? அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள்?" என்று கேட்டேன். நிறுவன முதலாளி கலந்துகொண்ட டிவி நிகழ்ச்சியைத் தன் செல்போனில் காட்டினார். தொகுப்பாளர் "உங்கள் வெற்றியின் ரகசியம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அது காசு கொடுத்து வாங்கிய நேரம். திரையின் மூலையில் சின்ன எழுத்தில் விளம்பர நிகழ்ச்சி என்று ஓடியது. நான் விரலை வைத்துக் காட்டினேன். "மேடம், டிவியில் சும்மா போடுவார்களா?" என்றார் அவர். ஏழெட்டுப் பேரும் என்னைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

எனக்கு அன்றைக்குப் புரிந்தது இதுதான். தூரத்தில் இருக்கும் பெரிய மனிதரை ஜனங்கள் நேரடியாக நம்புவதில்லை. தெருவில் இருக்கும் வாத்தியார் அவரை நம்புகிறார், இவர்கள் வாத்தியாரை நம்புகிறார்கள். ஏமாற்றுகிற நிறுவனத்துக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஏஜெண்டாகத் தபால்காரர், ஆசிரியர், கோயில் தர்மகர்த்தா என்று தேடிப் பிடிக்கிறார்கள்.

இப்படி மாத வட்டி ஆசை காட்டிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தின் வழக்கில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் 2,438 கோடி ரூபாய் கட்டியதாகப் பொருளாதாரக் குற்றப் பிரிவு சொன்னது. அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு அந்தத் தலைமையாசிரியரின் பின்னால் நின்றவர்கள் ஞாபகம்தான் வந்தது. அவர்கள் போட்டது வேறு நிறுவனத்தில். இன்னும் வரவில்லை.

தெற்குத் தெரு

எல்லாம் ஒரே கூட்டம்தான். நடிகன், அரசியல்வாதி, பத்திரிகைக்காரன், முதலாளி, எல்லாரும் திருடன். ஒருவனையும் நம்பாதே. இதற்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியதே இல்லை.

தேர்தல் பிரிவில் இருந்தவன், திருச்சி

தெற்குத் தெரு நண்பருக்கு: உங்கள் கோபம் நியாயம். ஆனால் "எல்லாரும் திருடன்" என்று சொல்கிறவர்கள் யாரும் எங்கள் அலுவலக அறிவிப்புப் பலகைப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

வட்டாட்சியர் அலுவலகத்தில் தேர்தல் பிரிவில் இருந்தேன். 2002-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளர்கள் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் தர வேண்டும். நிலுவையில் உள்ள குற்ற வழக்கு, சொத்து, கடன், கணவன் மனைவி பெயரில் உள்ளது, ஐந்து வருட வருமானம் எல்லாம் அதில் வரும். பலகையில் ஒட்டுவோம், ஆணையத்தின் இணையதளத்திலும் ஏறும்.

ஒரு தேர்தலில் எங்கள் பகுதியில் பெரிய கொடையாளி என்று பெயரெடுத்த ஒருவர் நின்றார். பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம், கோயிலுக்கு மணி. மனு தாக்கல் அன்று படிவத்தை வைத்துக்கொண்டு, வழக்கு விவரம் கேட்கும் பகுதியை அப்படியே விட்டுவிடலாமா என்று தன் வக்கீலிடம் கேட்டார். வக்கீல் நல்ல மனிதர். "காலியா விட்டா மனுவே தள்ளுபடி ஆகும். மறைச்சா ஜெயிச்ச பிறகும் வழக்கு வரும்" என்றார். அப்புறம் எழுதினார்கள்: காசோலை பணமில்லாமல் திரும்பிய வழக்குகள், கீழே கீழே வந்துகொண்டே இருந்தன. பள்ளிக் கட்டடத்துக்கு ஜல்லி கொடுத்தவர்கள், கம்பி கொடுத்தவர்கள் போட்டவை. அந்தத் தாள்கள் பலகையில் தொங்கின. எதிர்க்கட்சி ஆட்கள் வந்து படம் எடுத்துப் போனார்கள். ஓட்டுப் போடுகிறவர் என்று ஒருவர்கூட வந்து படித்து நான் பார்க்கவில்லை. டீக்கடையில் மட்டும் "எல்லாருமே திருடனுங்கதான், இவராவது பள்ளிக்கூடம் கட்டினார்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பேச்சு அவருக்கு எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாரும் ஒன்று என்றால், காகிதத்தைப் படிக்கவே தேவையில்லை.

அதே அறையில் இன்னொருவரையும் பார்த்தேன். பெரிய பேச்சாளர் கிடையாது, கூட்டம் கூடாது. தன் பெயரில் இருந்த கூட்டுறவு நகைக்கடன் வரை எழுதினார், மனைவியின் தோட்டைக்கூட எடை போட்டு எழுதியிருந்தார். அவரைத் திருடன் கணக்கில் சேர்க்க என் மனசு ஒப்பாது.

காகிதமே போதும் என்றும் நான் சொல்லவில்லை. மயிலாப்பூரில் 1872-இல் தொடங்கிய இந்து பர்மனென்ட் ஃபண்டு விவகாரம் தெரியும். அதன் தலைவர் தொலைக்காட்சி நடத்தியவர், கட்சி வைத்திருந்தவர், 2024 மக்களவைத் தேர்தலில் சிவகங்கையில் வேட்பாளர். அதே ஆண்டு ஆகஸ்டில் வைப்புப் பணம் திரும்பி வரவில்லை என்ற புகாரில் கைதானார். வழக்கு முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். முதலீட்டாளர்களில் பலர் வயதானவர்கள், 150 வருட நிறுவனம் என்ற பெயரை நம்பிப் போட்டவர்கள். பழைய பெயர் அப்படியே இருக்கும்போது நிர்வாகம் கை மாறியிருக்கலாம். இப்போது யார் நடத்துகிறார்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தெற்குத் தெரு

எனக்குக் கோபம் ஏன் வந்தது என்றால், என் மாமா இப்போது ஒரு நிதி நிறுவனத்தில் நான்கு லட்சம் போடத் துடிக்கிறார். "நிதி லிமிடெட்" என்று பெயர் இருக்கிறது. ஊரெல்லாம் பேனர், யூடியூபில் ஒரு சின்னத்திரை நடிகை விளம்பரம். வருடத்துக்கு 18 சதவீதம் என்கிறார்கள், மாதம் முப்பது மாதிரி இல்லையே, நியாயமாகத்தானே இருக்கிறது என்கிறார். அந்த நிறுவனத்துக்காரன் திருடன் என்று நான் சொன்னால் மாமா கேட்க மாட்டேன் என்கிறார். என்ன சொல்லி நிறுத்துவது?

வங்கிப் பணி ஓய்வு, வேலூர்

தம்பி, திருடன் என்று சொல்லாதீர்கள். அவர் வீம்புக்குப் போய்க் கட்டிவிடுவார். இரண்டு விஷயம் மட்டும் காட்டுங்கள்.

ஒன்று, வங்கி அல்லாத நிதி நிறுவனம் பொதுமக்கள் வைப்புக்கு ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. ரிசர்வ் வங்கி வைத்த உச்சவரம்பு இது. "நிதி" என்ற பெயரில் பதிவான நிறுவனங்களுக்கும் இதைத் தாண்ட அனுமதி கிடையாது. 18 என்று சொன்னபோதே வரம்பு தாண்டியாகிவிட்டது.

இரண்டாவது, "நிதி" என்று பதிவான நிறுவனம் தன் உறுப்பினர்களிடம் மட்டும்தான் வைப்பு வாங்கலாம். வைப்புக் கேட்டு எந்த வடிவிலும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 2014 நிதி விதிகளில் இருக்கிறது. அப்படியென்றால் அந்த நடிகை வரும் விளம்பரமே விதிமீறல். அதைப் பார்த்துத்தான் மாமா நம்புகிறார் என்பதால், அந்த விளம்பரத்தையே அவர் முன்னால் வைத்துப் பேசுங்கள்.

ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடலாம், புகாரும் கொடுக்கலாம். ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நிறுவனப் பதிவு எண் ரசீதில் இருக்க வேண்டும். பேரும் எண்ணும் இங்கே போட வேண்டாம், எனக்குத் தனியாக அனுப்புங்கள். நாளைக்குக் காலையில் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை மாமாவை வங்கிப் பக்கம் போகவிடாதீர்கள்.