காஷ்மீரி பேசுகிறவர்களோடு பழகியிருக்கிறீர்களா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மதுரைக்காரன்:
வேலைக்காக ஸ்ரீநகர் பழைய நகரத்தில் குடியிருந்தேன். உருது தெரிந்தால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கடை, ஆபீஸ், ஆட்டோ எல்லாம் உருதிலேயே நடந்துவிடும், உண்மைதான். ஆனால் காலையில் ரொட்டி வாங்கப் போனால் நிலைமை வேறு. அங்கே தெருவுக்குத் தெரு 'காந்துர்' என்கிற ரொட்டிக்காரர் கடை உண்டு. டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் நீளும் 'சில்லை கலான்' குளிரில், ஃபெரன் அங்கிக்குள் காங்ரி தணல்சட்டியை வைத்துக்கொண்டு தந்தூர் அடுப்பைச் சுற்றி நிற்பார்கள். 'கிர்தா' ரொட்டி வெந்து வரும்வரை பேச்சு. குழாயில் தண்ணீர் உறைந்தது, யார் வீட்டுக் கல்யாணம், யார் தவறினார், எல்லாம் காஷ்மீரியில். ஊர் நியாயம் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

அதே ஆள் பக்கத்தில் நிற்கும் தன் மகனிடம் திரும்பினால் உருது! ஏன் என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்தில் அதுதானே வேண்டும்" என்றார். 2011 கணக்கெடுப்பில் சுமார் 68 லட்சம் பேர் தாய்மொழியாகச் சொன்ன மொழி இது. ஜம்மு காஷ்மீரின் ஆட்சிமொழிப் பட்டியலில் சேர்ந்தது 2020இல்தான். அதற்கு முன் நூறு வருடத்துக்கும் மேலாக அங்கே உருது. நம் ஊர் இங்கிலீஷ் மீடியம் பெற்றோரைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

கோவைப்பொண்ணு:
கல்யாண வீட்டைப் பார்க்காமல் வந்துவிட்டீர்களே! தோழியின் அக்கா கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து 'வன்வுன்' பாடுகிறார்கள். ஒரு வரிசை பாடியதை இன்னொன்று வாங்கிப் பாடும். முழுக்கக் காஷ்மீரி. உருதிலேயே வளர்ந்த சின்னப் பெண்கள்கூட வரி பிசகாமல் பாடினார்கள்.

அப்புறம் 'வாஸ்வான்' என்கிற கல்யாண விருந்து. முதலில் செம்புக் கெண்டியும் தாம்பாளமும் கொண்டுவந்து நாம் உட்கார்ந்த இடத்திலேயே கை கழுவ வைக்கிறார்கள். நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு, அதன் பெயர் 'த்ராமி'. தெரியாதவர்களோடு ஒரே தட்டில் சாப்பிடக் கூச்சமாகத்தான் இருந்தது. அவரவர் பக்கத்துச் சோறு அவரவருக்கு, அடுத்தவர் பக்கம் கை நீளாது. ரிஸ்தா, தபக் மாஸ், ரோகன் ஜோஷ் என்று சமையற்காரரான 'வாஸா' வந்து போட்டுக்கொண்டே போவார். தயிர்க் குழம்பில் மிதக்கும் குஷ்தாபா உருண்டை வந்தால் விருந்து முடிகிறது என்று அர்த்தம். மிச்சக் கறியை எடுத்துப்போகப் பையும் கொடுத்துவிடுகிறார்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

டெல்லிவாசி:
எங்கள் பக்கத்து வீட்டில் 1990இல் காஷ்மீர் பள்ளத்தாக்கை விட்டு வந்த பண்டிட் குடும்பம், அதாவது காஷ்மீரி இந்துக்கள். சிவராத்திரியை 'ஹேரத்' என்பார்கள். நாம் பட்டினி கிடக்கும் பண்டிகைக்கு அங்கே பல வீடுகளில் கறியும் மீனும் சமையல்! வெங்காயம் பூண்டு கிடையாது. பெருங்காயம், சோம்புப் பொடி, சுக்குதான். பூஜைக் குடத்தில் ஊறிய வால்நட் பிறகு நம் வீட்டுக்கும் வரும். பாட்டி காஷ்மீரியில் கேட்பார், பேரன்கள் இந்தியில் பதில் சொல்வார்கள்.

குளிர்காலத்தில் ஸ்ரீநகரிலிருந்து சால்வை விற்க ஒரு முஸ்லிம் பெரியவர் வருவார். அன்றைக்குப் பாட்டிக்குக் கொண்டாட்டம். அவர் வார்த்தைக்கு வார்த்தை மரியாதையாக 'மஹ்ரா' சேர்ப்பார், பாட்டி பதிலுக்கு 'ஹஸ்' போடுவார். 14ஆம் நூற்றாண்டின் பெண் கவிஞர் லல் தெத் பாடிய வரி ஒன்றைப் பாட்டி தொடங்கினால் அவர் முடிப்பார். லல் தெத் அவர்கள் இருவருக்கும் சொந்தம். சால்வை பேரம் மட்டும் தனி, அதில் பாட்டி விட்டுக்கொடுக்க மாட்டார்.

மதுரைக்காரன்:
கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு: இந்தி பாதிதான் உதவும். சாதாரண வாக்கியத்தில் வினை கடைசியில் வராது, இரண்டாவதாக வந்து நிற்கும். 'நான் இருக்கிறேன் சோறு தின்றுகொண்டு' என்கிற மாதிரி. பாரசீக எழுத்து மிரட்டினால் பண்டிட்டுகள் தேவநாகரியில் அச்சிட்ட புத்தகத்தில் தொடங்குங்கள். பேச்சுப் பழக்கத்துக்கு ரொட்டிக்கடைதான், காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள்.